உப்பு அம்பாரமும் உப்புநீரும்: திடப்பொருளின் அழுத்தமும் பாய்மத்தின் அழுத்தமும் எங்கே பிரிகின்றன? முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தின் வாலிநோக்கம் உப்பளங்களில் இரண்டு பொருள்களை அடுத்தடுத்துப் பார்க்கலாம். பாத்தியில் நிற்கும் முற்றிய உப்புநீர் ஒன்று, கரைமேட்டில் குவித்துவைத்த உப்பு அம்பாரம் இன்னொன்று. கடல்நீரைப் பாத்தி மாற்றி மாற்றி வெயிலில் வற்றவிட்டு, பாமே அளவில் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஓர் அளவுகோல்) 25 டிகிரியைத் தொட்டதும் உப்பு படியத் தொடங்கும். அந்த நிலையில் உப்புநீரின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறக்குறைய 1200 கிலோ. குவித்த உப்பையும் அளந்து பார்த்தால், மணிகளுக்கு இடையிலுள்ள காற்றையும் சேர்த்து, கனமீட்டருக்குக் கிட்டத்தட்ட அதே 1200 கிலோதான் வரும்.

எடை ஒன்றுதான். ஆனால் அம்பாரம் எந்தச் சுவரும் இல்லாமல் தானாக நிற்கிறது. உப்புநீரோ கரை ஒரு விரற்கடை உடைந்தாலும் ஓடிவிடும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் பாடப்புத்தகத்தின் அழுத்தப் பாடம் முழுவதும் புரிந்த மாதிரிதான். அதைப் படிப்படியாகப் பார்ப்போம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

படி 1: விசையையும் அழுத்தத்தையும் பிரித்துவையுங்கள்

அழுத்தம் என்பது ஒரு பரப்பின்மீது செங்குத்தாக விழும் விசையை அந்தப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் விசை விழுந்தால் அது 1 பாஸ்கல். மிகச் சின்ன அளவு இது. நம்மைச் சுற்றியுள்ள காற்றே கடல்மட்டத்தில் சுமார் 1,01,325 பாஸ்கல் அழுத்துகிறது.

தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைக்கும்போது ஏன் சும்மாடு வேண்டும்? தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டத்தில் இதை யாரும் விளக்கத் தேவையில்லை, இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிறைகுடம் 15 கிலோ என்றால், கிலோவுக்கு 9.8 நியூட்டன் வீதம், விசை சுமார் 147 நியூட்டன். குடத்தின் உருண்ட அடி வெறுந்தலையில் 10 சதுர செ.மீ. மட்டும் தொட்டால் அழுத்தம் 1,47,000 பாஸ்கல். சும்மாடு அதை 100 சதுர செ.மீ.க்குப் பரப்பினால் 14,700 பாஸ்கல். சுமை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. கழுத்துக்கு அதே பாரம்தான், உச்சந்தலைக்குத்தான் நிம்மதி.

விசை, அழுத்தம் இரண்டையும் ஒன்றாகப் பேசுவது பேச்சில் பரவாயில்லை. இந்தப் பாடத்தில் கூடாது. கீழே வரும் எல்லாமே இந்தப் பிரிவின்மேல்தான் நிற்கிறது.

படி 2: திடப்பொருள் எதைக் கடத்துகிறது என்று பாருங்கள்

வலை காயவைக்கக் கரையில் ஒரு முளையை அழுத்தி நடுகிறீர்கள். முளையின் தலை 4 சதுர செ.மீ., கூர்முனை 0.04 சதுர செ.மீ. என்று வையுங்கள். தலையில் நீங்கள் கொடுக்கும் விசை மரத்தின் வழியே அப்படியே முனைக்குப் போகிறது. பரப்பு 100 மடங்கு குறைந்ததால் முனையில் அழுத்தம் 100 மடங்கு ஆகிறது. விசை மாறவில்லை, அழுத்தம் மாறியது. இன்னொன்றையும் கவனியுங்கள். கீழ்நோக்கி அழுத்தினால் முளை கீழேதான் போகிறது. மரம் பக்கவாட்டில் பீறிட்டு உங்கள் காலில் அடிப்பதில்லை.

திடப்பொருள் விசையைக் கடத்தும், அதன் திசையோடு சேர்த்து. அழுத்தம் எவ்வளவு என்பது தொடும் பரப்பைப் பொறுத்தது.

அடைத்துவைத்த பாய்மம், அதாவது ஓடக்கூடிய திரவமோ வாயுவோ, நேர் எதிர். அது அழுத்தத்தைக் கடத்தும், விசையை அல்ல. லாரிப் பட்டறை ஜாக்கியில் 2 சதுர செ.மீ. சிறு தண்டின்மேல் 10 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 5 கிலோ என்ற அழுத்தம் எண்ணெய் முழுதும் பரவும். மறுபக்கத்துப் பெரிய தண்டு 100 சதுர செ.மீ. என்றால் அங்கே 500 கிலோ தூக்கலாம். இங்கே அழுத்தம் மாறவில்லை, விசை மாறியது. முளையையும் ஜாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. (2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியும் இப்படி எண்ணெயால்தான் எழும்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது மின்மோட்டார், கம்பிவடம், எதிர்ப்பாரம் கொண்டு எழும்புவது.)

இரண்டும் சேர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு: மணலில் ஓடும் வண்டியின் டயர். 1200 கிலோ வண்டி, டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று. டயர் ரப்பரின் விறைப்பை மறந்துவிட்டால், தரையைத் தொடும் இடத்தில் அழுத்தம் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமம், சுமார் 2,07,000 பாஸ்கல். அப்படியென்றால் ஒவ்வொரு டயரும் சுமார் 142 சதுர செ.மீ. தரையைத் தொடுகிறது. காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் தொடும் பரப்பு இரு மடங்காகும், மணலின்மேல் அழுத்தம் பாதியாகும், சக்கரம் புதைவது குறையும். மணலில் வண்டி ஓட்டுபவர்கள் காற்றைக் குறைப்பது இதற்காகத்தான். தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் திரும்ப நிரப்பிவிட வேண்டும்.

படி 3: காரணம் ஒன்றே ஒன்று

ஒரு பொருளைத் தள்ளுவதற்கு இரண்டு வழி. நேராக அமுக்கலாம், அல்லது சீட்டுக்கட்டின் மேல்சீட்டைப் பக்கவாட்டில் நகர்த்துவதுபோல் சறுக்கவைக்கலாம். திடப்பொருள் இரண்டையும் எதிர்த்து நிற்கும். அசையாமல் நிற்கும் பாய்மமோ சறுக்கலை எதிர்க்கவே எதிர்க்காது. மிகச் சிறிய சறுக்கு விசை இருந்தாலும் அது நகர்ந்துவிடும். நகர்ந்து நகர்ந்து, சறுக்கு விசையே இல்லாத நிலைக்கு வந்துதான் ஓயும்.

மற்ற எல்லாம் இந்த ஒன்றிலிருந்து தானாக வருகிறது. சறுக்கு விசை இல்லையென்றால், ஒரு புள்ளியில் ஒரு திசையில் அழுத்தம் அதிகம், இன்னொரு திசையில் குறைவு என்று இருக்க முடியாது. அப்படி இருந்தால் அந்த வித்தியாசமே சாய்வான பரப்புகளில் சறுக்கு விசையாகிவிடும், பாய்மம் நகர்ந்துவிடும். ஆகவே நிற்கும் பாய்மத்தில் ஒரு புள்ளியில் எல்லாத் திசையிலும் அழுத்தம் ஒன்றே. அது தொடும் சுவரைச் செங்குத்தாக மட்டுமே தள்ளும்.

ஆழத்துக்கான வாய்பாடும் புதிதல்ல. ஒரு சதுர மீட்டர் அடிப்பரப்பும் h மீட்டர் உயரமும் கொண்ட நீர்த்தூணைக் கற்பனை செய்யுங்கள். அதன் எடையை அடிப்பரப்பால் வகுத்தால் வருவது அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் (9.8) × ஆழம். பள்ளிகளில் "திடப்பொருளுக்கு ஒரு வாய்பாடு, திரவத்துக்கு ஒரு வாய்பாடு" என்று இரண்டாகப் பிரித்து மனப்பாடம் செய்ய விடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். இரண்டும் ஒரே வகுத்தல்தான்.

கடல்நீரின் அடர்த்தி 1025 என்று எடுத்தால், 10 மீட்டர் ஆழத்தில் 1025 × 9.8 × 10 = 1,00,450 பாஸ்கல். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டலம் நம்மேல் ஏறுகிறது என்று நினைவு வைத்தால் போதும்.

படி 4: கரைக்குக் கணக்குப் போடுங்கள்

இப்போது உப்பளத்துக்குத் திரும்புவோம். புரிவதற்காக ஒரு மீட்டர் உயரமான நேர்ச்சுவரை வைத்துக்கொள்வோம். ஒருமுறை அதன் பின்னால் முற்றிய உப்புநீர், இன்னொரு முறை அதே உயரத்துக்கு உப்பு. உண்மையில் பாத்தி இவ்வளவு ஆழம் இருக்காது. எண்கள் எளிதாக வரட்டும் என்றுதான் ஒரு மீட்டர்.

அடித்தரையில் இரண்டுக்கும் அழுத்தம் ஒன்று: 1200 × 9.8 × 1 = 11,760 பாஸ்கல். சதுர மீட்டருக்கு 1.2 டன்.

சுவரில்தான் கதை மாறுகிறது. உப்புநீர் அடியில் பக்கவாட்டிலும் அதே 11,760 பாஸ்கல் தள்ளும். மேலே பூஜ்யம், கீழே 11,760, சராசரி 5,880. ஆகவே சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 5,880 நியூட்டன், அதாவது 600 கிலோ எடைக்குச் சமமான தள்ளு.

உப்பு மணிகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன. உராய்வு சறுக்கலை ஓரளவு எதிர்க்கிறது, அதனால் பக்கவாட்டுத் தள்ளு குறைகிறது. எவ்வளவு? அம்பாரத்தின் சரிவு தரையோடு செய்யும் கோணத்தைப் பாருங்கள். தளர்வாகக் கொட்டிய உப்பு அந்தக் கோணத்துக்கு மேல் நிற்காது, சரியும். வில்லியம் ரேங்கின் 1857இல் தந்த கணக்குப்படி கோணம் 30 டிகிரி என்றால், சுவர் இம்மியளவு விலகிக்கொடுக்கும்போது பக்கவாட்டு அழுத்தம் மேலிருந்து வரும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆக மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். சுவர் துளியும் அசையாத விறைப்பு என்றால் பாதிக்கு அருகில் வரும்.

600க்கும் 200க்கும் உள்ள வித்தியாசம்தான் சறுக்கலை எதிர்க்கும் திறனின் விலை. ஒரு பாறைத்துண்டு என்றால் சுவருக்கு வேலையே இல்லை, பக்கவாட்டில் பூஜ்யம். பாறை, உப்புக் குவியல், உப்புநீர் என்ற வரிசையில் பக்கவாட்டுத் தள்ளு பூஜ்யத்திலிருந்து முழுமைக்கு ஏறுகிறது.

இங்கே பலர் தடுமாறும் ஒரு விஷயம்: கரைக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது கணக்கில் வரவே வராது. பின்னால் பத்தடி அகலப் பாத்தி இருந்தாலும் சரி, பாக் நீரிணை முழுவதும் இருந்தாலும் சரி, ஆழமும் அடர்த்தியும் ஒன்றாக இருந்தால் நிற்கும் நீரின் தள்ளு ஒன்றே. சைமன் ஸ்டெவின் 1586லேயே இதைக் காட்டிவிட்டார். நிற்கும் நீர் என்று அழுத்திச் சொல்கிறேன். அலை மோதுவது வேறு கணக்கு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கூம்பாகக் குவித்த மணலில் உச்சிக்கு நேர் கீழேதான் தரையில் அழுத்தம் அதிகமாக இருக்கும் என்று தோன்றும். ஒரே இடத்திலிருந்து ஊற்றிக் குவித்தால், நடுவில் சற்றுக் குறைந்தும், சுற்றி ஒரு வளையமாக அதிகரித்தும் அளக்கப்பட்டிருக்கிறது. அதே மணலைப் படுகை படுகையாகத் தூவிக் குவித்தால் அந்தக் குழி வருவதில்லை. குவியல் எப்படிக் கட்டப்பட்டது என்பதை மணல் மறப்பதில்லை. தண்ணீருக்கு அந்தப் பழங்கதையெல்லாம் கிடையாது, இன்றைய ஆழம் மட்டும்தான்.

படி 5: வீட்டில் செய்து பாருங்கள்

தேவை: இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் இரண்டடி நீளம், சமையலறை மின்தராசு, இரண்டு கிலோ காய்ந்த கல்லுப்பு, ஒரு பலூன், குழாயைப் பிடிக்க ஒரு தாங்கி.

குழாயைத் தாங்கியில் நேராகக் கட்டுங்கள். அதன் கீழ்வாய் தராசுத் தட்டைத் தொடாமல், உப்பு மணி நழுவாத அளவுக்கு மயிரிழை உயரத்தில் இருக்க வேண்டும். முக்கியமான இடம் இதுதான்; குழாய் தட்டில் உட்கார்ந்தால் சோதனை வீண். பிறகு உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டி, ஒவ்வொரு முறையும் தராசைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் சில கைப்பிடிக்கு எடை ஏறும். அப்புறம் ஏற்றம் மந்தமாகி நின்றே போகும். குழாய் நிறைய ஒன்றேகால், ஒன்றரை கிலோ உப்பு கொண்டாலும் தராசு சில நூறு கிராமுக்கு மேல் காட்டாது. மிச்சம் எங்கே போனது? மணிகள் பக்கச்சுவரை அழுத்த, அங்கே எழும் உராய்வு உப்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. குழாயும் தாங்கியும்தான் மீதியைச் சுமக்கின்றன. ஜெர்மன் பொறியாளர் யான்சென் 1895இல் தானியக் களஞ்சியங்களுக்கு இதைக் கணக்காக்கினார். குழாயைத் தட்டினால் எண் மாறும். பயப்பட வேண்டாம், உராய்வு இடம் மாறுகிறது.

இப்போது உப்பைக் கொட்டிவிட்டு, குழாயின் கீழ்வாயில் பலூன் ரப்பரைத் தளர்வாகக் கட்டி, தட்டில் பட்டும் படாமலும் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். எடை உயரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறிக்கொண்டே போகும், நிற்காது. தண்ணீர் சுவரில் தொற்றிக்கொள்ள முடியாது, அதனிடம் உராய்வு என்ற பிடிமானம் இல்லை.

படி 6: ஈர மணலில் நடந்து பாருங்கள்

அரியமான் கடற்கரையில் அலை வாங்கிய இறுகிய ஈர மணலில் காலை வையுங்கள். பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளிறும். மிதித்ததால் தண்ணீர் பிதுங்கி வர வேண்டும், ஆனால் நடப்பது தலைகீழ். நெருக்கமாக அடைந்திருந்த மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றின்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அப்போது இடைவெளி பெருகி, மேலிருந்த தண்ணீர் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் விளக்கியது இது.

அடுத்து, அலை வந்து வடியும் இடத்தில் நின்று பாதத்தை ஆட்டிக்கொண்டே இருங்கள், புதைவீர்கள். ஆட்ட ஆட்ட மணிகளின் தொடர்பு அறுந்து, உங்கள் எடையை இடையிலுள்ள தண்ணீர் சுமக்கத் தொடங்குகிறது. திடப்பொருள்போல் நின்ற மணல் பாய்மமாகிவிட்டது. நிலநடுக்கத்தில் கட்டடங்கள் மணல் தரையில் சாய்வதற்கும் காரணம் இதுவே.

படி 7: காற்றைத் தனியாக வையுங்கள்

காற்றும் பாய்மம்தான், ஆனால் அமுங்கும். தண்ணீர் அநேகமாக அமுங்காது. மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்களுக்கும் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களுக்கும் இந்த வேறுபாடு உடம்பில் தெரியும். 10 மீட்டரில் உடம்பின்மேல் அழுத்தம் இரு மடங்காகிறது. ஆனாலும் உடம்பு நசுங்குவதில்லை. தசையும் இரத்தமும் பெரும்பாலும் நீர், எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் உள்ளேயும் அதே அழுத்தம் எழுந்துவிடும். காற்று இருக்கும் இடங்களில்தான் தொல்லை. மூச்சடக்கிப் போகிறவரின் நுரையீரலில் மேலே 6 லிட்டராக இருந்த காற்று அங்கே 3 லிட்டர் ஆகிவிடும்.

காதுக்குக் கணக்கு: செவிப்பறை சுமார் 0.6 சதுர செ.மீ. 3 மீட்டர் ஆழத்தில் வெளியே கூடும் அழுத்தம் சுமார் 30,000 பாஸ்கல். அதாவது 180 கிராம் எடை அந்த மெல்லிய தோலில் உட்கார்ந்த மாதிரி. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி உள்ளே காற்றைச் சமப்படுத்தினால் வலி போகும். வலித்த பிறகு அல்ல, வலிக்கும் முன்பே செய்ய வேண்டும். சளி பிடித்திருக்கும் நாளில் முங்குவது வேண்டாம். கண்ணை மட்டும் மூடும் கண்ணாடிக்கு இந்த வசதி இல்லை, மூக்கு வழியே உள்ளே காற்று ஊத முடியாததால் ஆழம் போகப் போகக் கண்ணைச் சுற்றி உறிஞ்சிப் பிடிக்கும்.

படி 8: இரண்டு நீர்களை எதிரெதிரே நிறுத்துங்கள்

தனுஷ்கோடி மணல்திட்டில் இருபுறமும் கடல். நடுவே கையால் ஊற்றுத் தோண்டினால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அழுத்தச் சமன்பாடுதான். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உவர்நீரின்மேல் மிதக்கிறது. அடியில் ஒரு மட்டத்தில் நன்னீர்த்தூணின் அழுத்தமும் கடல்நீர்த்தூணின் அழுத்தமும் சமமாக வேண்டும். அடர்த்திகள் 1000, 1025. வித்தியாசம் 25. 1000ஐ 25ஆல் வகுத்தால் 40. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கலாம் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் இருவர் பெயரிலும் வழங்கும் கணக்கு.

இதன் மறுபக்கம் கசப்பானது. மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 10 செ.மீ. இறக்கினால், காலப்போக்கில் உப்புநீர் கீழிருந்து 4 மீட்டர் ஏறிவிடும். தீவில் ஆழ்துளைக் கிணறு போட்டு இன்னும் ஆழம் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற யோசனை இந்த இடத்துக்குப் பொருந்தாது. ஆழமில்லாத அகன்ற ஊற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே சரி.

படி 9: புயல் அறிவிப்பைப் படியுங்கள்

வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் புயல் மையத்தின் அழுத்தம் ஹெக்டோபாஸ்கலில் வரும். 1 ஹெக்டோபாஸ்கல் என்றால் 100 பாஸ்கல், அது ஏறக்குறைய 1 செ.மீ. கடல்நீர்த்தூணின் அழுத்தம். ஆகவே காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அங்கே கடல் ஒரு செ.மீ. எழும்ப இடமுண்டு. சாதாரண நாளில் 1010, புயல் மையத்தில் 960 என்றால் எழுச்சி அரை மீட்டர்.

ஆனால் 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த அலை பல மீட்டர் உயரம் வந்தது. அழுத்தக் குறைவால் மட்டும் அது நடக்க வாய்ப்பில்லை. பெரும்பங்கு காற்றுடையது. காற்று நீரின் மேற்பரப்பைச் சறுக்கித் தள்ளுகிறது. சறுக்கலை எதிர்க்க முடியாத நீர் கரையோரம் குவிந்து, குவிந்த உயரத்தின் அழுத்தம் காற்றின் தள்ளுக்கு ஈடாகும்வரை ஏறுகிறது. கடல் எவ்வளவு ஆழமில்லையோ அவ்வளவு உயரக் குவிய வேண்டியிருக்கும். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம் கொண்டது. எனவே அறிவிப்பில் மைய அழுத்தத்தை மட்டும் பார்த்து "அரை மீட்டர்தானே" என்று இருந்துவிடாதீர்கள். காற்றின் வேகம், அது எந்தப் பக்கத்திலிருந்து உங்கள் கரையை நோக்கி வீசும், அந்த நேரம் ஓதம் ஏறுமா இறங்குமா என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். புயல் எழுச்சி என்று தனியாக மீட்டரில் ஒரு வரி கொடுத்திருப்பார்கள். அது வழக்கமான ஓத மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்று சொல்லும் எண்.